மாதத்துக்கு ஒரு நிமிடம்

எங்கள் வீட்டுக் கணினியின் இயங்குதளப் புதுப்பிப்பு முப்பத்தேழு சதவீதத்தில் நின்றுபோனதால், விஜயதசமி காலை ஆறு பத்து முதல் வீடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. வேகம், மாதத்துக்கு ஒரு நிமிடம்.

வேகத்தைக் கண்டுபிடித்தவன் நான். பெயர் உலகநாதன். திருச்சியில் பேருந்து நிலைய டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறிப்பதுதான் என் வேலை. எது போனாலும் முதலில் மணி பார்ப்பேன்.

தவறு செய்தவனும் நான்தான். முந்தின நாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்கள், என் மனைவி மங்கையர்க்கரசியின் தையல் இயந்திரம், என் விசில், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. கணினி மட்டும் பாக்கி. அது புதுப்பித்துக்கொண்டிருந்தது. 'அணைக்க வேண்டாம்' என்று திரையில் எழுதியிருந்தது. பூஜைக்கு வைத்த பொருள் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. தையல் இயந்திரம் ஓடவில்லை. விசில் ஊதவில்லை. இது மட்டும் ஓடியது.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். சிபியூவுக்கு மூன்று பொட்டு வைத்தேன். திரைக்கு ஒன்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபூஜை. ஆறு பத்துக்கு பிளக்கைச் செருகினேன். திரையில் ஒரு வரி வந்தது.

'மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன.'

ஆறு பதினைந்துக்கு மிக்சி போனது. மே மாதம் வாங்கியது. அதன் இடத்தில் பழைய மிக்சி நின்றது. மூடி உடைந்த பழைய மிக்சி. மங்கை அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, இத நாம பாத்திரக்காரன்கிட்ட போட்டோமே."

"போட்டோம்."

"அவன் பாவம், ரெண்டு கிண்ணம் குடுத்தானே." கிண்ணங்களைத் தேடினாள். அவை இல்லை.

சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டி பருத்துக்கொண்டே போனது. கிழித்துப் போட்ட தாள்கள் ஒவ்வொன்றாக எங்கிருந்தோ வந்து முன்னால் ஒட்டிக்கொண்டன. மங்கை பால் கணக்கு எழுதிய தாள் வந்தது. நான் மூக்குக் கண்ணாடி துடைத்த தாள் வந்தது. ஆணி சற்று வளைந்தது.

திரையின் அடியில் உதவி எண் இருந்தது. ஆறு இருபத்தைந்துக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"உங்க கம்ப்யூட்டர் இப்ப எந்த வருஷத்துல இருக்கு சார்?"

"2023. ஜூலை."

"நேர்ல வாங்க."

"எங்க வரணும்?"

"உங்க வீட்டு நடை முடியற எடத்துல."

"எங்க வீட்டு நடை பன்னெண்டு அடிதாங்க. அது முடியற எடத்துல வாசல் இருக்கு."

"நீங்க செருப்பு போடறதுக்குள்ள சரியாயிடும்" என்று வைத்துவிட்டார்.

எட்டிப் பார்த்தேன். கூடத்திலிருந்து வாசலுக்குப் போகும் நடை இருபது அடியாகியிருந்தது. வீட்டிலிருந்து போன ஒவ்வொரு பொருளும் தன் இடத்தை நடைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

செருப்பைத் தேடினேன். அதற்குள் மங்கை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு குதூகலத்தை நான் கேட்டு வெகுநாளாயிற்று.

"என்னங்க, இங்க வாங்க. முடி வந்துடுச்சு."

மணி ஆறு நாற்பது. 2022 சித்திரையில் சமயபுரத்தில் அவள் முடி இறக்கினாள். இப்போது பின்னல் இடுப்பைத் தாண்டி நின்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்தா கோச்சுக்க மாட்டாளா?" என்றேன்.

"நான் குடுத்தாச்சு. அவளா திருப்பிக் குடுத்தா நான் என்ன பண்றது?"

பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நாள்காட்டியைப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள். பிறகு கூடத்து மூலையில் காலியாகக் கிடந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"என்னங்க. இது இப்படியே போனா அப்பா வந்துருவாரு."

அவள் அப்பா குஞ்சிதபாதம் கடைசி மூன்று வருடங்கள் எங்களோடுதான் இருந்தார். 2017 தை மாதம் ஏழாம் தேதி, அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாக ஒரு காபி கேட்டார். மங்கை காபியோடு வந்தபோது அவர் இல்லை. இரண்டு நிமிடம் தாமதம் என்று அவள் இன்றுவரை சொல்வாள். நான் டைம் கீப்பர் என்பதால் என்னிடம் அடிக்கடி சொல்வாள்.

"எத்தனை மணிக்கு வருவாரு?"

மனதுக்குள் மாதங்களை எண்ணினேன். "ஏழு நாப்பத்து மூணு."

"நம்ம கல்யாணம்?"

2011 ஆவணி இருபத்தாறு. நூற்று ஐம்பத்தேழு மாதம். "எட்டு நாப்பத்தேழுக்குப் போயிடும்."

"அப்ப எட்டு நாப்பத்தேழுக்கு முன்னாடி நிறுத்தணும். ஏழு நாப்பத்து மூணுக்கு முன்னாடி நிறுத்தக் கூடாது."

"அறுபத்து நாலு நிமிஷம் இருக்கு நடுவுல."

"போதாதா? நீங்க ஒரு நிமிஷத்துல பத்து வண்டி அனுப்புவீங்க."

என் கை பரபரத்தது. பொங்கலுக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது இப்படித்தான் இருக்கும். பூஜையிலிருந்து விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.

ஆறு ஐம்பதுக்கு மேல்மாடி போனது. 2021 ஜூனில் கட்டி முடித்தது. அங்கே குடியிருந்த வைத்தியலிங்கம் சாருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவர் பதினோரு அடி உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், நாற்காலி போட்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"உலகநாதன், மோட்டார் போட்டீங்களா? மேல தண்ணி வரல."

"மேல வீடே இல்ல சார்."

"அது இருக்கட்டும். தண்ணி?"

மோட்டார் போட்டேன்.

ஏழு மூன்றிலிருந்து ஏழு ஐந்து வரை, 2020 கோடையில், தெருவில் யாருமே இல்லை. நாங்களும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினோம். பிறகு திறந்தோம்.

ஏழு பதிமூன்றுக்கு பிளக் பாயிண்ட் சுவரிலிருந்து மறைந்தது. 2019இல் எலக்ட்ரீஷியன் வந்து வைத்தது. வெறும் சுண்ணாம்புச் சுவரில் கணினியின் ஒயர் சாய்ந்து கிடந்தது. கணினி ஓடிக்கொண்டே இருந்தது. இனி பிடுங்குவதற்கு எதுவும் இல்லை.

"நல்லதாப் போச்சு" என்றாள் மங்கை. "உங்க கைக்கு வேலையில்ல."

அது அவள் கணினி. தட்டச்சுப் பயிலகத்தில் சொல்லிக்கொடுத்து, தன் சம்பளத்தில் வாங்கியது. நாங்கள் லால்குடிக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்குத்தான் அதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்திருந்தாள். உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் எழுந்து வர முடியாது என்று அறையிலிருந்தே சொல்லிவிட்டாள். நாங்கள் முக்கால் மணி நேரம் பஜ்ஜி சாப்பிட்டோம். என் மாமா சபாபதி ஒன்பது சாப்பிட்டார். கல்யாணத்தன்று அந்தக் கணினி பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே மினி லாரியில் வந்து இறங்கியது.

ஏழு முப்பத்தெட்டுக்கு மங்கை காபி போட ஆரம்பித்தாள். டபராவைத் தேடினாள். அப்பாவின் டபரா அவர் போன பிறகு பரணில் போட்டது. பரணே பின்னால் கட்டியது. டபரா தானாகவே அடுப்படியில் இருந்தது.

ஏழு நாற்பத்து இரண்டுக்கு அவள் காபியோடு பிரம்பு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். காபி விளிம்புவரை வந்து வந்து திரும்பியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"முப்பது செகண்டு. இருபது. பத்து."

ஏழு நாற்பத்து மூன்றுக்கு குஞ்சிதபாதம் நாற்காலியில் இருந்தார். வெள்ளை வேட்டி, கை வைத்த பனியன். கையை நீட்டினார். காபி கையில் இருந்தது.

ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை கூடவா இருக்கேம்மா."

மங்கை அழவில்லை. சிரிக்கவும் இல்லை. "அடுத்த தடவை கம்மியா போடறேம்பா" என்றாள். பின்னலின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"மாப்ளே, ஏன் நிக்கிறீங்க? கம்ப்யூட்டருக்கு எதுக்குப் பொட்டு?"

"பூஜை மாமா."

"ஓடிட்டிருக்கே."

"ஆமா மாமா."

"ஓடறதுக்குப் பொட்டு வைக்கலாமா?"

மங்கை என்னை நடைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். "கிளம்புங்க. சீக்கிரம். இப்படியே நிறுத்தச் சொல்லுங்க. அவரும் இருக்கணும், நீங்களும் இருக்கணும். ரெண்டும் வேணும் எனக்கு."

அதைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். நான் இன்னும் ஒரு நிமிடம் நின்று, மாமனார் காபியை ஆற்றுவதைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் மூன்றாக, நான்காக ஆனது. எனக்கு வருத்தமில்லை.

நடையின் மறுமுனை தெரியவில்லை.

"வண்டி வருது" என்றார் வைத்தியலிங்கம் சார் மேலேயிருந்து. அவர் இடத்திலிருந்து எல்லாம் தெரியும்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு நடையில் ஒரு நகரப் பேருந்து வந்து நின்றது. இரண்டு பக்கமும் சுவரில் உரசாமல், அரை அடி இடைவெளி விட்டு ஓட்டியிருந்தார் ஓட்டுநர். நடத்துநர் இருதயராஜ் எனக்குத் தெரிந்தவன். தினமும் என்னிடம் நேரம் போட வருபவன்.

"கீப்பர் சார், நீங்க இங்கயுமா?"

"இது என் வீட்டு நடைப்பா."

"அப்ப நேரம் போட்டுத் தாங்க. ரெண்டு நிமிஷம் லேட்டு. நடுவுல உங்க செருப்பு ஸ்டாண்டு இருந்துச்சு."

அவன் நீட்டிய தாளில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன். ஏறினேன். அவன் இரண்டு விசில் கொடுத்தான். வண்டி கிளம்பியது.

எட்டு பத்துக்கு நடை முடிந்தது. அங்கே சர்வீஸ் சென்டர் இருந்தது. ஒரே ஒரு கவுண்டர். உள்ளே பிரகதாம்பாள் என்று பெயர்ப் பலகை. தொலைபேசியில் பேசிய அதே குரல்.

"பேரு?"

"உலகநாதன்."

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அதுக்கு நாலாம் நம்பர் படிவம். இன்னைக்கு உங்களப் பாத்தவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

எனக்குப் பின்னால் ஒருவர் பிரிண்டரை இடுப்பில் வைத்துத் தட்டிக்கொண்டு நின்றார். அது முனகியது. "இவர இப்பத்தான் பாத்தேன். இருக்காரு" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "இருக்காருன்னுதான் நெனைக்கிறேன்" என்று சேர்த்து எழுதினார்.

"என்ன ஆச்சு சார்?" என்றார் பிரகதாம்பாள்.

"புதுப்பிப்பு முப்பத்தேழுல நின்னு போச்சு."

"யார் நிறுத்துனது?"

"சரஸ்வதி பூஜை."

"பூஜை நிறுத்தாது சார்."

"என் கைதான்."

'கை' என்று எழுதிக்கொண்டார். "இப்ப என்ன வேணும்?"

"இப்படியே நிக்கணும். என் மாமனார் வந்துட்டாரு. எட்டு நாப்பத்தேழுக்கு என் கல்யாணம் போகப்போகுது. என் மனைவி போயிடுவா."

"உங்க மனைவி கோப்பா, செயலியா?"

"மனைவிங்க."

"அப்படிக் கட்டம் இல்ல. கோப்புன்னா வச்சுக்கலாம். செயலின்னா பின்னாடி போட்டதுன்னு அர்த்தம். எடுத்துருவோம்."

"கோப்பு" என்றேன் உடனே.

அவர் தட்டினார். அவர் முன்னால் இருந்த தட்டையான திரை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் பருத்துப் பெட்டி போலானது. அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். பழக்கம் போலும்.

"சார், உங்க வீட்டம்மா ரெண்டும் இல்லயே."

"அப்ப?"

"அவங்க முதல் பயனர். கம்ப்யூட்டரே அவங்க பேர்லதான் ஆரம்பிச்சிருக்கு. 2011 ஜூன் பன்னெண்டு. அதுக்குக் கீழ போகாது, பயப்படாதீங்க. அவங்க எங்கயும் போக மாட்டாங்க. அவங்ககிட்ட இருக்கறது எல்லாம் அப்படியே இருக்கும். ஒண்ணும் மறக்காது."

எனக்கு மூச்சு வந்தது. "அப்ப போகப்போற செயலி யாரு?"

பிரகதாம்பாள் என்னைப் பார்த்தார். பிரிண்டர்காரரும் பார்த்தார்.

"ரெண்டாவது பயனர், உலகநாதன். 2011 செப்டம்பர்ல சேத்துருக்காங்க" என்று திரையிலிருந்து வாசித்தார் பிரகதாம்பாள். "நீங்கதான் சார் மாற்றம்."

பிரிண்டர்காரர் என் தோளைத் தொட்டார். தொட முடிந்ததில் அவருக்கு நிம்மதி.

"நிறுத்துங்க" என்றேன். "உத்தரவு எழுதி முத்திரை போடுங்க."

"எழுதிட்டேன். முத்திரை பூஜைல இருக்கு."

திரும்பிக் காட்டினார். மூலையில் சரஸ்வதி படம். அதன் கீழே முத்திரை, மைப் பெட்டி, ஸ்டேப்ளர், தாளில் ஓட்டை போடும் கருவி எல்லாம் வரிசையாக சந்தனம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"எடுங்க. இன்னைக்கு விஜயதசமிதானே."

"மேனேஜர் வச்சது. மேனேஜர்தான் எடுக்கணும்."

"எங்க அவரு?"

"அவரு 2015 பிப்ரவரில வேலைக்குச் சேந்தவரு. எட்டு ஆறுக்கே போயிட்டாரு. நீங்க நாலு நிமிஷம் லேட்டு."

காபியை ஆற்றுவதைப் பார்த்த அந்த நான்கு நிமிடம். நான் கவுண்டருக்குள் கையை நீட்டினேன். முத்திரை ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது.

"சார்," என்றார் பிரகதாம்பாள், குரலை உயர்த்தாமல். "அந்தக் கைதானே?"

கையை எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். பக்கத்தில் குனிந்து சொன்னார். "எடுத்துட்டாலும் திரும்பச் சேக்கலாம். முதல் பயனர் சேக்கணும். அவங்களா சேக்கணும். நீங்க கேக்கக் கூடாது. கேட்டா செல்லாது."

"எடுத்ததுக்கு அப்புறம் நான் எங்க இருப்பேன்?"

"பஸ்ல."

எட்டு இருபத்தெட்டுக்கு அதே பேருந்து திரும்பியது. ஓடி ஏறினேன். இருதயராஜுக்கு மீசை மெலிந்திருந்தது. எனக்குத் தலைமுடி அடர்த்தியாகியிருந்தது. நடையின் சுவரில் எங்கள் வீட்டு நாள்காட்டி ஜன்னலுக்கு ஜன்னல் தெரிந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் இன்னும் பருமனாக.

எட்டு முப்பத்தெட்டுக்கு, டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே, இருதயராஜ் இல்லாமல் போனான். 2012 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் பை மட்டும் கம்பியில் தொங்கியது. 2012இல் நான் நடத்துநராக இருந்தேன். வேறு வழியில்லை. பையை மாட்டிக்கொண்டேன். ஒரு அம்மாளுக்குப் பாதி கிழித்த டிக்கெட்டின் மீதியைக் கிழித்துக் கொடுத்தேன்.

"எங்கம்மா போகணும்?"

"தெரியலப்பா. ஏறும்போது தெரிஞ்சுது."

எட்டு நாற்பத்தைந்து. இன்னும் கால்வாசி நடை பாக்கி. எங்கள் கூடம் தூரத்தில் ஒரு வெளிச்சமாகத் தெரிந்தது. அதில் மங்கை நிற்பது போலிருந்தது. பின்னலும் தெரிந்தது. ஓட்டுநரிடம் கத்தினேன். "அண்ணே, அமுத்துங்க." அவர் அமுக்கினார். செருப்பு ஸ்டாண்டு பறந்தது.

எட்டு நாற்பத்தாறு, ஐம்பது செகண்டு. இனி முடியாது என்று தெரிந்தது. பையிலிருந்து விசிலை எடுத்தேன். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும். இருபது வருடமாக என் விசிலுக்கு நிற்காத வண்டி இல்லை. பலம் கொண்ட மட்டும் ஊதினேன். சந்தனம் வாயில் கசந்தது.

வண்டி நின்றது. வருடம் நிற்கவில்லை.

எட்டு நாற்பத்தேழுக்கு விரலிலிருந்து மோதிரம் போனது. போட்டிருந்த தடம்கூட இல்லை. தூரத்து வெளிச்சம் அணைந்தது.

"யோவ் கண்டக்டர், நடுவழியில எதுக்கு நிறுத்துன?" என்றார்கள் பின்னாலிருந்து. "ஸ்டாப்பிங்கா இது?"

ஸ்டாப்பிங் இல்லைதான். இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி கிளம்பியது. மூன்று நிமிடம் நான் யாருமாகவும் இல்லை. டிக்கெட் கொடுத்தேன். யாராவது வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. கம்பியைப் பிடித்தேன். கம்பி மட்டும் இருந்தது.

எட்டு ஐம்பதுக்கு யாரோ என் சட்டையை இழுத்தார்கள்.

"ஏண்டா, பொண்ணு பாக்கப் போறப்ப சட்டையில என்னடா மஞ்சளா?"

அம்மா. மூன்று வருடமாகச் சென்னையில் அக்கா வீட்டில் இருப்பவள். பட்டுப்புடவையில், மடியில் பூவும் பழமும் வைத்த தட்டோடு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சபாபதி மாமா. அவருக்குப் பின்னால் சித்தி, சித்தப்பா. வண்டி முழுக்க எங்கள் ஆட்கள். என் தோளில் பை இல்லை. நான் பயணிகளில் ஒருவனாக நின்றேன்.

"சந்தனம்மா."

"அதுக்குள்ளயேவா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

நடை முடிந்தது. எங்கள் கூடம் இருந்த இடத்தில் லால்குடி வீடு இருந்தது. வாசலில் குஞ்சிதபாதம் நின்றார். அதே வெள்ளை வேட்டி. கையில் அதே டபரா. காபி பாதி இருந்தது. இன்னும் ஆவி வந்தது.

"வாங்க வாங்க. வாங்க தம்பி" என்றார் என்னிடம்.

மாப்ளே என்று சொல்லவில்லை. நான் தலையாட்டினேன்.

உட்கார்ந்தோம். பஜ்ஜி வந்தது. சபாபதி மாமா முதலாவதை எடுத்தார். நான் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் செல்லாது. வாயை மூடிக்கொள்ள ஒரு பஜ்ஜியைப் போட்டுக்கொண்டேன். அது கொதித்தது. அப்படியே வைத்திருந்தேன்.

"பொண்ணு உள்ள கம்ப்யூட்டர்ல இருக்கா" என்றார் குஞ்சிதபாதம். "ஏதோ ஓடுதாம். பாதியில வர முடியாதாம்."

"ஓடி முடியட்டும்" என்றேன் பஜ்ஜியோடு.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போன தடவை நான் எதுவும் சொல்லவில்லை. மாமா நான்காவதில் நிறுத்தினார்.

அறைக் கதவு திறந்தது. மங்கை வாசற்படியில் நின்றாள். இருபத்தாறு வயது. இடுப்பைத் தாண்டிய பின்னல். அதன் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கணினி தெரிந்தது. அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுக் கணினி. சிபியூவில் மூன்று பொட்டு. திரையில் ஒன்று. பொட்டுக்குக் கீழே ஒரு வரி ஒளிர்ந்தது.

'புதிய பயனரைச் சேர்க்கவா?'

"என்னம்மா, பையனப் பாத்துக்க" என்றார் குஞ்சிதபாதம். "ஏதாவது கேக்கணும்னா கேளு."

அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். அவர் காபி குடிப்பதை, ஒரு வாய் முழுதாக இறங்கும்வரை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"ஒண்ணுதான் கேக்கணும். ஓடிட்டிருக்கறப்ப பிளக்கைப் பிடுங்குவீங்களா?"

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பூத்தட்டைப் பார்த்தாள்.

"மாட்டேன்."

"பூஜைன்னா?"

"பொட்டு மட்டும் வைக்கிறேன்."

"ஓடறதுக்கா?"

"ஓடி முடிஞ்சதும்."

அவள் யோசித்தாள். மாமா ஐந்தாவது பஜ்ஜியை எடுக்கலாமா என்று தெரியாமல் கையை நடுவில் வைத்திருந்தார். மங்கை உள்ளே போனாள். சுட்டியை அமுக்கும் சத்தம் ஒன்று கேட்டது.

திரையில் அடுத்த வரி வந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே படித்தேன்.

'வேகமாகவா? சாதாரணமாகவா?'

அவள் சுட்டியைப் பிடித்தபடி திரும்பிக் கேட்டாள். "உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே?"

"இல்ல" என்றேன். என் தொழிலில் அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை.

அவள் சாதாரணமாக என்பதை அமுக்கினாள்.

'0 சதவீதம்' என்று வந்தது. அப்படியே நின்றது. யாரும் அதைத் தொடவில்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றார் குஞ்சிதபாதம்.

"ரொம்ப நேரம் ஆகும்பா. நீங்க குடிங்க. அடுத்த காபில சர்க்கரை கம்மியா போடறேன்."

மணி எட்டு ஐம்பத்து நான்கு. மனதில் குறித்துக்கொண்டேன். மாமா ஐந்தாவதை எடுத்தார். என் விரலெல்லாம் எண்ணெய். எங்கே துடைப்பது என்று பார்த்தேன். குஞ்சிதபாதம் அதைக் கவனித்துவிட்டார். எழுந்துபோய், சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து மேல் தாளைக் கிழித்தார். அது திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளவில்லை.

"இந்தாங்க மாப்ளே, கையத் தொடச்சுக்கங்க" என்றார்.